நூற்று நாற்பத்தேழாம் நம்பர் சேவல்

ஒரகடத்தில் எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ பெரிய மனிதர்கள். ஆனால் அந்த வட்டாரத்திலேயே அதிகமான செல்போன்களைக் கையில் வைத்திருந்தவர் எங்கள் டோக்கன் அண்ணன்தான் என்று எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஒரு பகலுக்கு நானூறு போன். விலை உயர்ந்தது, விரிசல் விட்டது, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது, எல்லாம் அவர் வசம். அவருக்கென்று சொந்தமாக மட்டும் ஒரு போன் கிடையாது.

கேட்டால், "நானூறு கீதேபா. இன்னொன்னு இன்னாத்துக்கு?" என்பார்.

இந்தப் பத்தியை எழுதிப் பிழைப்பதற்கு முன்னால் ஐந்து வருஷம் நான் அங்கே கார் சீட் தைக்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. புது மாடல் சீட்டை எவனாவது படம் பிடித்துவிடுவான் என்று பயம். அதனால் கேட்டை ஒட்டிய அறையில் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்கள். போனைக் கொடுத்தால் நம்பர் பொறித்த ஓர் அலுமினிய வில்லை தருவார்கள். அதுதான் டோக்கன். அதைக் கொடுத்து வாங்கிய காரணத்தால் அவர் டோக்கன் அண்ணன். பென்னலூரிலிருந்து ஒரு கிழட்டு மொபெட்டில் வருவார். செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த யூனிபார்ம் இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கிற மாதிரித் தொளதொளவென்று தொங்கும். அவருடைய உண்மையான பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நான் 147. என்னோடு ரூமில் இருந்த கோவில்பட்டிக்காரன் 148.

போன்களை அவர் நடத்திய விதம் இருக்கிறதே, பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படி நடத்த மாட்டார்கள். எல்லாவற்றையும் குப்புறப் போடுவார். "மல்லாக்க போட்டா வெளிச்சம் அடிக்கும், தூங்காது" என்பார். விலை உயர்ந்த போன்களுக்குக் கடைசி வரிசைதான். "மேல வெச்சா திமிரு புடிச்சிக்கும்." எதுவாவது அடித்தால் அதோடு நேராகப் பேச்சுவார்த்தை நடத்துவார்.

"தே, சும்மா கெட. உன் ஆளு தையல் லைன்ல கீறான். சாயங்காலம் வருவான். கத்தி இன்னா ஆவப்போவுது?"

ஆனால் எடுத்துப் பேச மாட்டார். தொட்டுப் பேசுவது அவர் தர்மத்தில் இல்லை. யார் கூப்பிட்டது என்று எட்டிப் பார்ப்பது மட்டும் தர்மத்தில் உண்டு. சாயங்காலம் போனைக் கொடுக்கும்போது, அதோடு ஓர் அறிக்கையும் கொடுப்பார்.

"நூத்தி நாப்பத்தெட்டு, ஆத்தா மூணு தபா. லோன் வோணுமான்னு எவளோ ஒருத்தி ரெண்டு தபா. அந்தப் பொண்ணு பண்ணவேயில்ல. நீயே பண்ணிடு. இன்னிக்கு வெள்ளிக்கெழம, நல்ல நாளு."

பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். 148-இன் காதல் வரலாறு அடுத்த நாள் கேண்டீனில் சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கார் நேராக உள்ளே போகப் பார்த்தது. அண்ணன் குறுக்கே நின்றுவிட்டார். அதிகாரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அண்ணன் தமிழில் ஏதோ சொன்னார். கடைசியில் அண்ணன் ஒரு வில்லையை எடுத்து நீட்டி, "நோ டோக்கன், நோ உள்ள" என்றார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவருக்கும் அறிக்கை கிடைத்தது. "சார், போட்டோவுல ஒரு அம்மா. ஓய்ஃபு போல கீது. ஏழு தபா." அதில் ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்குப் புரிந்தது. அதற்கே முகம் வெளுத்துவிட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது, எதிரே ஷாமியானா போட்டு இலவச ரத்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. விரலைக் கொடுத்தால் டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று 148 சொன்னான். ஓசி டீக்கு ஆசைப்பட்டு விரலைக் கொடுத்தேன். ரீடிங்கைப் பார்த்த நர்ஸம்மா டீயைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முன்னூற்றுப் பன்னிரண்டு.

அங்கே உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். பரோட்டா என்றேன். மற்ற நாட்களில்? மற்ற நாட்களிலும் பரோட்டாதான் என்றேன். உடனே சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மூணு வேளையும் மாத்திரை. சாப்பாட்டோட சேத்துப் போடணும். மூணு மாசம் ஒரு வேளைகூட மறக்கக் கூடாது. போன் வெச்சிருக்கீங்கல்ல? அதுல ரிமைண்டர் போட்டுக்கங்க. இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அந்த மூன்று மாதக் கணக்கைத் திரும்பத் திரும்ப விரலில் எண்ணிப் பார்த்தேன். ஏனென்றால் சரியாக மூன்று மாதத்தில்தான் என்னை வேலையில் நிரந்தரமாக்குவதற்கான மெடிக்கல் வரப்போகிறது. சுகர் என்று தெரிந்தால் பெர்மனென்ட் கிடையாது, பையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஏற வேண்டியதுதான் என்று ரூமில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். எனவே இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, மாத்திரையை மறக்கக் கூடாது. இரண்டு, கம்பெனியில் ஓர் ஈ, காக்காய்க்குக்கூட விஷயம் தெரியக் கூடாது.

ரிமைண்டர் வைத்தேன். காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு. மற்ற சத்தமெல்லாம் காதில் விழாது என்று சேவல் கூவுகிற சத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் என்ன எழுத்து வர வேண்டும் என்று போன் கேட்டது. 'சுகர் மாத்திரை' என்று கொட்டை எழுத்தில் அடித்தேன். ரொம்பப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மதியம் ஒரு மணிக்கு என் போன் என்னிடம் இருக்காது, கேட்டில் கட்டம் 147-இல் குப்புறப் படுத்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கூலிக்கு ஆள் வைத்துத் தேடினாலும் இப்படி ஒரு மடையன் கிடைக்க மாட்டான்.

முதல் நாள் மதியம் கேட்டில் சேவல் கூவியிருக்கிறது. அண்ணன் மேசைக்கு அடியில் குனிந்து தேடியிருக்கிறார். லோடு இறக்க வந்த லாரியில் ஏதாவது கூடை வந்திருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். இரண்டாம் நாள்தான் சத்தம் கட்டத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாராம். அன்று சாயங்காலம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா நூத்தி நாப்பத்தேழு, மத்தியானத்துல சேவல் கூவுது?"

"அது சும்மாண்ணே. ஊரு நெனப்பு."

"ஊரு நெனப்பு கரெக்டா ஒரு மணிக்கு வருமா?"

பின்னால் வரிசை நிற்கிறது. நான் போனுக்குக் கையை நீட்டினேன். அவர் திரையைப் பார்க்காமலா இருந்திருப்பார்? உலகத்தில் உள்ள அத்தனை பேருடைய அறிக்கையையும் ஊர் கேட்க வாசிக்கிற மனிதர். இதோ என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் போனை என் கையில் வைத்தார். "ஆத்தா ஒரு தபா. வேற எதுவும் இல்ல. போ" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் மதியம் கேண்டீனில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறது. அதன் நினைப்பு மட்டும் இல்லை. சரியாக ஒரு மணிக்குச் சமையலறை இன்டர்காம் அடித்தது. செக்யூரிட்டிகளுக்கு எத்தனை சாப்பாடு என்று அண்ணன் தினமும் சொல்லுகிற நேரம் அது. கேண்டீன் மாஸ்டர் கேட்டுவிட்டு வெளியே வந்தார். முகத்தில் குழப்பம். ஆனாலும் கடமை தவறாமல் மொத்த ஹாலுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"கேட்லேர்ந்து சொல்லச் சொன்னாங்க! சேவல் கூவிடுச்சாம்!"

இருநூறு பேர் தலையைத் தூக்கினார்கள். அதில் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் இதே அறிவிப்பு. முதல் வாரம் கோழிக்குழம்பு வந்துவிட்டது என்று நினைத்துக் கவுன்டருக்கு ஓடி ஏமாந்தவர்கள் பலர். இரண்டாவது வாரம் அது ஏதோ புது பாதுகாப்பு நடைமுறை என்று ஒரு சூப்பர்வைசர் விளக்கம் சொன்னார். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் பழகிவிட்டது. "சேவல் கூவிடுச்சா? அப்போ பத்து நிமிஷம் கீது" என்று அதை வைத்து நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டில் அண்ணன் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு நூற்று எழுபதுக்கு இறங்கியது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. 148-க்கு ஷிப்டு மாறி மாறி வரும். சனிக்கிழமை ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் துணி துவைத்து, மதியம் பன்னிரண்டரைக்குத்தான் கண்ணை மூடியிருந்தான். ஒரு மணிக்கு அவன் காதோரம் சேவல் கூவியது.

"ஏலேய்! எவம்ல ரூமுக்குள்ள கோழிய விட்டது?"

செருப்பு பறந்தது. நான் சாப்பிடப் போயிருந்தேன். நல்லவேளை, செருப்பு சுவரில் பட்டது. திரும்பி வந்தபோது அவன் சமாதானமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். போனை எடுத்து ஒரு மணி ரிமைண்டரை அடியோடு அழித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை எங்கள் கம்பெனியில் ஆடிட். நாங்கள் சீட் தைத்துக் கொடுக்கிற கார் கம்பெனியிலிருந்து ஐந்து பேர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பிளாண்ட் மேனேஜர் அவர்களைக் கேண்டீனுக்கு அழைத்து வந்து, இங்கே எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு அமைதி என்று காட்டிக்கொண்டிருந்தார். மணி ஒன்று. இன்டர்காம் அடித்தது. சாப்பாட்டுக் கணக்கு மட்டும் வந்தது. சேவல் வரவில்லை. கோட்டுக்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒன்று ஐந்துக்குக் கூரையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. சாயங்காலம் மட்டும் பேசுகிற ஒலிபெருக்கி அது. "ரூட்டு நாலு, சிங்கப்பெருமாள் கோவில், வண்டி எடுக்கப்போறாங்க" என்று கேட்டிலிருந்து அண்ணன் அதில் அறிவிப்பார். பட்டப்பகலில் அது எதற்கு உயிர் பெறுகிறது என்று எல்லோரும் மேலே பார்த்தோம்.

"கொக்... கொக்கரக்கோ..."

தயங்கித் தயங்கி ஒரு முறை. சரியாக வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு முழு மூச்சில் இன்னொரு முறை. தையல் லைனில், வெல்டிங்கில், பாத்ரூமில், பிளாண்ட் மேனேஜர் அறையில், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அண்ணன் கூவினார். கோட்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த ஸ்பூன் தரையில் விழுந்தது.

நான் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

அரை மணி நேரத்தில் விசாரணை. செக்யூரிட்டி ஆபீசருக்குப் பெரிய மீசை. அது துடிப்பதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்கள் உண்டு. அங்கே நடந்ததை ஆபீஸ் வாசலில் நின்ற கேண்டீன் மாஸ்டர் எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"எதுக்குய்யா கூவுன?"

"மைக்கு வேல செய்யுதான்னு டெஸ்ட் பண்ணேன் சார்."

"மைக் டெஸ்டுன்னா ஒன், டூ, த்ரீ சொல்லணும். எவனாவது கோழி மாதிரி கூவுவானா?"

"நம்பர் சொன்னா டோக்கன் நம்பர்னு நெனச்சிகினு பசங்க சாப்பாட்ட உட்டுட்டு ஓடியாந்துடுவாங்க சார்."

இந்தப் பதிலில் குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. அதனாலேயே ஆபீசருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது. அண்ணனைப் பின்பக்கம் கழிவு ஏற்றுகிற கேட்டுக்கு மாற்றினார்கள். வார இறுதிக்குள் உண்மையான காரணத்தை எழுதிக் கொடுக்காவிட்டால் ஆள் வேண்டாம் என்று ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்கள். அந்த உண்மையான காரணம் நான். அதை ஒரு வரி எழுதினால் அவர் வேலை தப்பும். அவர் எழுதவில்லை.

மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெடிக்கலுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. வாயைத் திறந்தால் என் வேலை, திறக்காவிட்டால் அவர் வேலை. நடுவில் ஒரு நாள் பின்பக்க கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். துணிக் கழிவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில், எதையோ தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதைத்தான்:

"இன்னாபா, போட்டியா?"

"போட்டேன்ண்ணே. உங்களுக்கு இப்படி ஆயிப்போச்சேண்ணே."

"அத்த உடு. பசங்க போனெல்லாம் குப்புற போடுறானா புது ஆளு?"

"மல்லாக்கதான் போடுறான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நேராக எச்.ஆர். மேடம் அறைக்குப் போனேன். கதவைத் தட்டும்போது சங்கரன்கோவில் பஸ் கண்ணுக்குத் தெரிந்தது. எனக்குச் சுகர் இருக்கிறது, மறைத்தேன், சேவல் என்னுடையது, அண்ணன் கூவியது எனக்காக என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மேடம் பேனாவை மூடிவைத்தார்.

"சுகர் இருந்தா பெர்மனென்ட் பண்ண மாட்டோம்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"ரூம்ல சொன்னாங்க மேடம்."

"ரூம்ல யாரு? டாக்டரா?"

"148 மேடம்."

"கட்டுப்பாட்டுல இருக்குன்னு டாக்டர் லெட்டர் இருந்தா போதும். மொதல்லயே வந்து சொல்லியிருந்தா ஒரு மனுஷன் மைக்கப் புடிச்சிக் கூவ வேண்டிய அவசியமே வந்திருக்காது."

தலையைக் குனிந்து சிரிப்பை மறைக்க அவர் பட்ட கஷ்டம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் காலை அண்ணன் பழைய இடத்தில் இருந்தார். வந்ததும் வராததுமாக நானூறு போனையும் ஒவ்வொன்றாகக் குப்புறப் போட்டுக்கொண்டிருந்தார். ரிமைண்டரை நான் திரும்பவும் வைத்துவிட்டேன். ஒரு மணிக்குக் கேண்டீன் மாஸ்டர் சேவல் கூவியதை அறிவித்தபோது இருநூறு பேரும் கை தட்டினார்கள். நான்கு வாரம் கழித்து டாக்டரம்மா லெட்டர் கொடுத்தார். நூற்று முப்பத்தெட்டு. வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தச் சேவல் ஒரு நாள் தவறாமல் கூவியது. பிறகு எனக்கு எழுத்துக் கிறுக்கு முற்றி, சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம் 147 வில்லையைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணன் உடனே வாங்கவில்லை.

"அப்போ நாளைலேர்ந்து ஒரு மணிக்கு?"

"மெட்ராஸ்ல ஆபீசுக்குள்ளேயே போன் வெச்சுக்கலாம்ண்ணே. அங்க கூவும். நான் போட்டுக்குவேன்."

"நீ போட்டுக்குவ. நானு?"

எனக்குப் புரியவில்லை. அவர் தொளதொளச் சட்டையின் பைக்குள் கையை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். என் பையில் இருந்த அதே அட்டை.

"ஏழு வருசமா கீதுபா. போன்ல ரிமைண்டர் வெச்சிக்கோன்னு டாக்டர் சொன்னாரு. எங்கிட்ட ஏது போனு? காலைல, நைட்டுல வூட்ல அவ குடுத்துடுவா. மத்தியானம்தான் மறந்து மறந்து பூடும். ஒருவாட்டி இந்தச் சேர்லேர்ந்தே மயங்கி வுழுந்தேன். அப்பால உன் சேவல் வந்துச்சி. அது கூவுனதும் நானும் போட்டுக்கினு, உனுக்கும் சொல்லி அனுப்புவேன். அன்னிக்கு அது கூவல. பசங்க கை கழுவிகினு திரும்பி வர்றாங்க. உன் பொட்டியப் பாத்தா சும்மா கீது. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சி. நான் மட்டும் போட்டுக்கினா போதுமா?"

மூன்று வருஷமாக எனக்காக ஒருவர் நேரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஒரு மணியைத் தாண்டியிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை என் பழைய போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிம் கிடையாது. சார்ஜரும் சேவலும் மட்டும். அவர் கையில் வாங்க மறுத்துவிட்டார். டோக்கன் இல்லாமல் போனை வாங்கினால் சட்டவிரோதமாம். கடைசியில் நான் திருப்பிக் கொடுத்த 147 வில்லையை அவரே எடுத்து, ரெஜிஸ்டரில் தன் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு, வில்லையைத் தன் சட்டைப்பையில் மாத்திரையோடு போட்டுக்கொண்டார். பிறகு போனைக் கட்டத்தில் குப்புற வைத்தார். பெயர் என்ன எழுதியிருக்கிறார் என்று எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தது. அது என் தர்மத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

148 இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்தப் போன் இன்றைக்கும் கட்டத்தில் கூவுகிறது என்று சொல்கிறான். போனை வீட்டுக்கே எடுத்துப்போகாத ஒரு பைத்தியக்காரன் இங்கே வேலை பார்க்கிறான் என்று புதுப் பையன்கள் பேசிக்கொள்கிறார்களாம். இங்கே ஒரு மணிக்கு என் மேசையிலும் சேவல் கூவும். ஆபீஸே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். அங்கே அவரும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருப்பார். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கவலைதான். என்றாவது ஒரு நாள் அது கூவாமல் போனால், ஓடிப்போய் மைக்கைப் பிடிக்க நான் அங்கே இல்லையே.